காக்கிச் சட்டைக்குள் ஓர் இதயம்

அகால மரணம் நேர்ந்த இடத்திற்குச் செல்லும் பொலிஸ் உத்தியோகத்தருக்கு அங்கு கிடக்கும் உடல் ஒரு தடயம். உற்றாருக்கோ அது உயிரனையவரின் உடல். விசாரிக்க வந்தவரே உற்றவருமாகிவிட்டால் அவர் நிலை யாதாகும்?

2018 ஆம் ஆண்டில் வெளிவந்த 'ஜோசப்' என்னும் மலையாளத் திரைப்படம் இவ்வினாவை நம்முன் வைக்கின்றது. எம். பத்மகுமார் நெறிப்படுத்திய இப்படத்தின் கதையை எழுதிய ஷாஹி கபீர், தாமே பொலிஸ் சேவையில் இருந்தவர். ஆதலின், காக்கிச் சட்டையினுள்ளே துடிக்கும் இதயத்தை அவர் நன்கறிவார்.

மரணமொன்றை விசாரிக்கச் சென்ற ஜோசப், அங்கே சிதைந்து கிடந்த உடல் தம் முன்னாள் காதலியுடையது என்பதைக் கண்டு திகைக்கிறார். கைகள் கடமையைச் செய்கின்றன. மனமோ அவ்விடத்திலேயே தங்கிவிடுகின்றது. இல்லம் திரும்பியும் மனைவியிடம் வாய்திறந்தாரில்லை. அந்த மௌனமே நாளடைவில் மதிலாக வளர்ந்து, இல்லறத்தை இரண்டாக்கியது. பல்லாண்டுகளின் பின், பிரிந்துசென்ற அதே மனைவி விபத்தில் மாண்டபோது, அதனை விபத்தென நம்பாது உண்மையைத் தேடிப் புறப்படுபவரும், ஓய்வுபெற்றுவிட்ட இந்த ஜோசப்பே!

அன்பு, பிறர் காணாததைக் காணச் செய்யும். இல்லாததை இருப்பதாகவும் காட்டும். நீதிக்கு இது ஆபத்தானது. புலனாய்வாளரும் மனிதரே என்பதைச் சட்டம் மறக்கவில்லை. 1872 இன் இந்தியச் சாட்சியச் சட்டத்தை அடியொற்றி நம் நாட்டில் 1895 இல் இயற்றப்பட்ட சாட்சியக் கட்டளைச் சட்டம், பொலிஸ் உத்தியோகத்தரிடம் அளித்த குற்ற ஒப்புதலை அவ்வாறு அளித்தவருக்கு எதிராக நிரூபிக்க இடந்தருவதில்லை. சினமோ துயரமோ கொண்டவர் கையில் விசாரணை சிக்கினால், நிரபராதி தண்டனை பெறவுங்கூடும். அத்தகைய வேளையில், "இவரை நான் அறிவேன்" என மேலதிகாரியிடம் உரைத்து, விசாரணையைப் பிறரிடம் ஒப்படைப்பதே கடமை. அது கோழைத்தனமன்று.

இப்படத்தில் நடித்த ஜோஜு ஜோர்ஜ், இந்திய தேசிய திரைப்பட விருதுகளில் சிறப்புக் குறிப்புப் பெற்றார். 2022 இல் ஆர். கே. சுரேஷ் நடிக்க, 'விசித்திரன்' என்னும் பெயரில் இக்கதை தமிழிலும் வெளிவந்தது.

துப்பறியும் கதையென இதனைக் காணும் மாணவர்கள் இன்னொன்றையும் கருதுதல் வேண்டும். மாண்டவளுக்காகக் கலங்கியது ஜோசப்பின் குற்றமன்று. அக்கலக்கத்தை வாழ்க்கைத் துணையிடம் ஒளித்ததே அவர் குடியைக் கெடுத்தது. பொலிஸ் நிலையத்தில் அடக்க வேண்டிய கண்ணீரை வீட்டிலேனும் சிந்த இடமளிப்போம். கடமை வீரருக்கு நாம் செய்யும் கைம்மாறு அதுவேயாகும்.