மிதித்தவுடன் தயங்கும் பழைய கார்: காரணங்களும் பரிசோதனை முறையும்

கூட்டுறவுச் சங்கத்தின் கணக்கைப் பரிசீலிக்கச் செல்பவனுக்குப் பல சமயங்களில் செலவுச் சீட்டுகளே உண்மையை முதலில் உணர்த்துகின்றன. அண்மையில் ஒரு கைத்தறி நெசவாளர் சங்கத்தின் செலவுக் கணக்கைப் பார்வையிட்டபோது, அதன் பழைய அம்பாசிடர் காருக்காக ஒரே ஆண்டில் மூன்று முறை கார்புரேட்டர் செலவு எழுதப்பட்டிருப்பதைக் கண்டேன். முதல் முறை சுத்தம் செய்த கூலி. இரண்டாம் முறை உட்பாகங்களை மாற்றிய செலவு. மூன்றாம் முறை வேறொரு கார்புரேட்டரையே வாங்கிப் பொருத்திய செலவு.

“இப்பொழுது கோளாறு தீர்ந்துவிட்டதா?” என்று செயலாளரைக் கேட்டேன். “இல்லை, ஐயா. முன்பு போலவேதான் இருக்கிறது” என்றார். அருகில் நின்ற ஓட்டுநர், “ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஒரு கணம் வண்டி செத்துப்போய்ப் பிறகுதான் உயிர் பெறுகிறது, ஐயா. போன வாரம் பெரிய சாலையைக் கடக்கும்போது நட்ட நடுவில் தயங்கிவிட்டது, பக்கத்திலிருந்து லாரி வந்துகொண்டிருந்தது” என்றார். அங்கத்தினர்களின் பணம் வீணானதோடு உயிருக்கும் ஆபத்து நேரவிருந்தது. ஆகவே இக்கோளாற்றின் இயல்பையும், அதை முறையாகக் கண்டறியும் வழியையும் இங்கு விளக்க முற்படுகிறேன். சங்கத்திலோ சொந்தத்திலோ கார்புரேட்டர் பொருத்திய பழைய வண்டி வைத்திருக்கும் அன்பர்களுக்கு இது பயன்படும்.

தயக்கம் ஏன் உண்டாகிறது?

பெட்ரோலும் காற்றும் தக்க விகிதத்தில் கலந்தால்தான் எஞ்சினில் நன்கு எரியும். எடைக் கணக்கில், ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். ஆக்சிலரேட்டரைத் திடீரென மிதிக்கும்போது கார்புரேட்டரின் கதவு அகலத் திறக்கிறது. காற்று இலேசானது, உடனே பாய்கிறது. பெட்ரோல் கனமானது, சற்றுப் பின்தங்குகிறது. மடையைத் திறந்த மாத்திரத்தில் வாய்க்காலின் கடைக்கோடிக்குத் தண்ணீர் வந்துவிடுவதில்லை அல்லவா? அது போன்றதே இதுவும். மேலும், குழாயினுள் இருந்த உறிஞ்சுதல் அக்கணத்தில் குறைவதால், ஆவியாக இருந்த பெட்ரோலில் ஒரு பகுதி குழாய்ச் சுவரிலே படிந்துவிடுகிறது. இவ்விரண்டினாலும் ஒரு கணம் கலவை மெலிகிறது; எஞ்சின் திணறுகிறது.

இக்குறையை நீக்க ஒவ்வொரு கார்புரேட்டரிலும் ஓர் ஏற்பாடு உண்டு. பத்மினி போன்ற கார்களில் ஆக்சிலரேட்டருடன் இணைந்த ஒரு சிறு பம்பு, மிதித்தவுடன் கூடுதலான பெட்ரோலைப் பீச்சுகிறது. அம்பாசிடரின் பழைய 1,489 கன சென்டிமீட்டர் எஞ்சினில் பொருத்தப்பட்ட எஸ்.யு. கார்புரேட்டரில் அத்தகைய பம்பு கிடையாது. அதில் காற்றின் அளவுக்கேற்ப மேலெழும் ஒரு பிஸ்டன் இருக்கிறது. அதன் நடுத்தண்டில் ஊற்றப்பட்ட எண்ணெய், பிஸ்டன் சட்டென்று எழும்பாதபடி தடுக்கிறது. பிஸ்டன் மெதுவாக எழும்போது காற்று குறுகிய வழியில் வேகமாகச் செல்ல நேர்வதால், ஜெட்டிலிருந்து அதிகப் பெட்ரோல் இழுக்கப்படுகிறது. அந்தச் சிறிதளவு எண்ணெய் வற்றிவிட்டாலே வண்டி தயங்கும் என்பதை அறியாதோர் பலர்.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி

கருவியைக் கையில் எடுக்குமுன், தயக்கம் எப்பொழுது ஏற்படுகிறது என்பதை ஓட்டுநரிடம் விசாரித்து எழுதிக்கொள்ள வேண்டும். மிதித்த முதற் கணத்தில் மட்டும் தயங்கிப் பின்னர் நன்றாக ஓடினால், மேற்கூறிய கூடுதல் பெட்ரோல் ஏற்பாட்டையும் பற்றவைக்கும் பகுதியையும் சந்தேகிக்கலாம். முதலில் நன்றாக இழுத்து, மேட்டில் நெடுந்தூரம் ஏறும்போது சோர்ந்தால், பெட்ரோல் போதிய அளவு வந்து சேரவில்லை என்று கொள்ளலாம். பம்பு, பில்டர், டாங்கி மூடியின் காற்றுத்துளை ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மட்டும் தயங்கினால் சோக்கைக் கவனிக்க வேண்டும். வெட்டி வெட்டி இழுத்து, சைலன்சரில் வெடிச்சத்தமும் கேட்டால், பற்றவைக்கும் மின்சாரத்தில் குறை இருப்பது பெரும்பாலும் உறுதி.

பரிசோதனையின் வரிசை

அனுபவம் மிக்க மெக்கானிக்குகள் கார்புரேட்டரைக் கடைசியாகவே தொடுவர். பற்றவைக்கும் பகுதியின் குறைகள் கார்புரேட்டரின் குறைகளைப் போலவே வேடமிட்டு வருவது அதற்குக் காரணம். செலவு குறைந்ததும் எளிதானதும் முன்னே, மற்றவை பின்னே என்பதே நல்ல வரிசை.

முதலாவது, ஏர் பில்டரில் தூசி அடைத்திருக்கிறதா என்றும், பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, பிளக்குகளைக் கழற்றிப் பார்க்க வேண்டும். முனை சாம்பல் கலந்த பழுப்பு நிறமாயிருந்தால் கலவை சரி. கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம். வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு. இவ்வெஞ்சினுக்குப் பிளக்கின் இடைவெளி சுமார் 0.6 மில்லிமீட்டரும், பாயின்ட்டின் இடைவெளி சுமார் 0.38 மில்லிமீட்டரும் இருக்க வேண்டும். பாயின்ட் கருகிக் குழி விழுந்திருந்தால் அதையும் கண்டன்சரையும் மாற்றுவது நலம்.

மூன்றாவது, டிஸ்ட்ரிபியூட்டரைக் கூர்ந்து நோக்க வேண்டும். எஞ்சினின் வேகமும் சுமையும் மாறும்போது தீப்பொறி விழும் நேரமும் மாற வேண்டும். வேகத்திற்கேற்ப மாற்றுவதற்கு உள்ளே இரு சிறு எடைகளும், சுமைக்கேற்ப மாற்றுவதற்கு வாக்யூம் டயபரமும் இருக்கின்றன. டயபரத்திற்குச் செல்லும் குழாயைக் கார்புரேட்டர்ப் பக்கம் கழற்றி வாயால் உறிஞ்சினால், பாயின்ட் பொருத்திய தட்டு சற்றுத் திரும்பி அப்படியே நிற்க வேண்டும். நில்லாமல் திரும்பி வந்தால் டயபரம் கிழிந்திருக்கிறது. ரோட்டரைக் கையால் சிறிது திருப்பிவிட்டால் அது வில்லின் விசையால் தானே பழைய நிலைக்கு வர வேண்டும். வராவிட்டால் எடைகள் துருப்பிடித்து இறுகியிருக்கின்றன.

நான்காவதாகவே கார்புரேட்டருக்கு வர வேண்டும். எஞ்சினை நிறுத்திவிட்டு, எஸ்.யு. கார்புரேட்டரின் உச்சியிலுள்ள மூடியைத் திருகி எடுத்து எண்ணெயைப் பார்க்கலாம். மூடியுடன் கூடிய தண்டை மீண்டும் இறக்கும்போது, மூடி உட்கார ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் இருக்கையிலேயே எண்ணெயின் தடை கையில் தென்பட வேண்டும். தென்படாவிட்டால் எஸ்.ஏ.இ. 20 தர எண்ணெய் ஊற்ற வேண்டும். பிறகு பிஸ்டனை விரலால் உயர்த்தி விட்டால், அது தடையின்றி இறங்கி ‘டக்’ என்ற ஒலியுடன் அமர வேண்டும். இடையில் சிக்கினால் கழற்றிப் பெட்ரோலில் துடைத்தால் போதும். உப்புத்தாள் கொண்டு தேய்த்தால் பாழாகிவிடும்.

கலவையை அறிய, சூடான எஞ்சின் மெதுவாக ஓடும்போது பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக உயர்த்திப் பார்க்க வேண்டும். ஓட்டம் ஒரு கணம் இலேசாக உயர்ந்து நிலைத்தால் கலவை சரி. உயர்ந்தபடியே இருந்தால் பெட்ரோல் அதிகம். எஞ்சின் தளர்ந்தாலோ நின்றாலோ பெட்ரோல் குறைவு.

பத்மினி போன்ற வண்டிகளில், எஞ்சினை நிறுத்தி ஏர் பில்டரை அகற்றிய பின் ஆக்சிலரேட்டரை அசைத்தால், கார்புரேட்டரின் வாயினுள் பெட்ரோல் மெல்லிய தாரையாகப் பீச்ச வேண்டும். பீச்சாவிட்டால் பம்பின் டயபரமோ அதன் சிறு துளையோ பழுதாகியிருக்கும். இச்சோதனைகளின்போது அருகில் பீடியோ விளக்கோ கூடாது. கை பிரேக்கைப் போட்டிருக்க வேண்டும்.

இக்காலத்தில் புதிதாகச் சேர்ந்த காரணம்

பெட்ரோலுடன் எத்தனால் கலக்கும் திட்டம் நம் நாட்டில் 2022-ஆம் ஆண்டில் 10 சதவீதத்தை எட்டிற்று. 2023 முதல் 20 சதவீதக் கலப்பு படிப்படியாக வழக்கத்திற்கு வந்தது. எத்தனாலுக்கு எடைக்கு ஒன்பது பங்கு காற்றே போதும். ஆகவே தூய பெட்ரோலுக்கென அமைந்த பழைய ஜெட்டில் கலவை சற்று மெலிகிறது. முன்பு தெரியாதிருந்த தயக்கம் இப்பொழுது வெளிப்படலாம். எத்தனால் ஈரத்தையும் ஈர்க்கிறது; பழைய ரப்பர்க் குழாய்களையும் டயபரங்களையும் கெடுக்கிறது. ஆகவே வண்டியை மாதக்கணக்கில் பெட்ரோலோடு நிறுத்திவைக்கலாகாது. எஸ்.யு. வகையில் அடியிலுள்ள ஜெட் மரையைச் சிறிது கீழிறக்கினால் கலவை செறிவாகும். ஒரு தடவைக்கு ஒரு முகம் மட்டுமே திருப்பிச் சோதிக்க வேண்டும்.

அந்தச் சங்கத்துக் காரின் முடிவு

செயலாளரின் வேண்டுகோளுக்கிணங்க வயது முதிர்ந்த மெக்கானிக் ஒருவர் வந்தார். ஓட்டுநரை அரைமணி நேரம் விசாரித்தார். பிறகு டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து, பாயின்ட்டுக்குச் செல்லும் சிறு கம்பியை இரு விரலால் மெல்ல இழுத்தார். மேலுறை நீண்டது, உள்ளே கம்பி அறுந்திருந்தது. எஞ்சின் சும்மா ஓடுகையில் அறுந்த முனைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன; மிதித்தவுடன் தட்டு திரும்ப, முனைகள் விலகிப் பொறி நின்றது. ஒரு சாண் கம்பியை மாற்றியதும் கோளாறு தீர்ந்தது. மூன்று முறை பணம் விழுங்கிய கார்புரேட்டரில் குற்றமே இல்லை.

பாவில் ஓர் இழை அறுந்தால் நெசவாளர் தறியை மாற்றுவதில்லை. அறுந்த இழையைத் தேடிப் பிணைக்கிறார். சங்கத்து வண்டிக்கும் அதே முறை வேண்டும். கோளாறு எப்பொழுது தோன்றுகிறது, எவை சோதிக்கப்பட்டன, எது மாற்றப்பட்டது என்பதற்கு ஒரு பதிவேடு வைக்க வேண்டும். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, ஓட்டிப் பார்த்த பின்னரே அடுத்ததைத் தொட வேண்டும். பழுதுச் செலவுக்கு அனுமதி கேட்டுச் சீட்டு வரும்பொழுது, “கோளாறு எவ்வாறு கண்டறியப்பட்டது?” என்று நிர்வாகக் குழு கேட்கட்டும். அக்கேள்விக்கு விடை எழுதப்படாத சீட்டில் கையொப்பமிட வேண்டியதில்லை.