வாயுக் கணக்கும் வளிமண்டலச் சான்றும்

பதுளையை அடுத்த ஸ்பிரிங்வெளித் தேயிலை மலைகளில் இடப்படும் உரத்தின் நைதரசன் முழுவதும் கொழுந்தாவதில்லை. ஒரு பகுதி மழைநீரோடு வடிந்து செல்கின்றது. வேறொரு சிறு பகுதியை மண்ணின் நுண்ணங்கிகள் நைதரசு ஒட்சைட்டு எனும் வாயுவாக மாற்றுகின்றன. நூறாண்டு அளவையில் நோக்குமிடத்து, இவ்வாயு நிறைக்கு நிறை காபனீரொட்சைட்டைவிட ஏறத்தாழ 273 மடங்கு வெப்பமூட்டும் ஆற்றலுடையது.

இவ்வெளியேற்றத்தை அறிதற்கு இரு வழிகள் உள. முதலாவது ஏட்டுக் கணக்கு. 100 கிலோகிராம் யூரியாவில் 46 கிலோகிராம் நைதரசன் உண்டு. அதில் நூற்றுக்கு ஒரு பங்கு நேரடியாக இவ்வாயுவாகும் என்பது, காலநிலை மாற்றத்துக்கான அரசுகளுக்கிடையிலான குழு 2006இல் வகுத்த பொதுவிதி. அதன்படி வெளியேற்றம் சுமார் 197 கிலோகிராம் காபனீரொட்சைட்டுக்குச் சமனாகும். அக்குழுவே 2019இல், ஈரலிப்பான காலநிலையில் இடப்படும் செயற்கை உரத்துக்கு அப்பங்கினை 1.6 எனத் திருத்தியது. அதே யூரியாவின் கணக்கு இப்போது சுமார் 316 கிலோகிராம். மலையில் யாதொன்றும் மாறவில்லை, பெருக்கெண்ணே மாறியது.

இரண்டாவது வழி காற்றையே அளத்தலாகும். ஓரிடத்தில் வாயுவின் செறிவைத் தொடர்ந்து அளந்து, அக்காற்று கடந்து வந்த பாதையைக் கணினி மூலம் பின்னோக்கித் தொடர்ந்தால், எத்திசையில் எவ்வளவு வெளியேறிற்று என மதிப்பிடலாம். மற்றொரு தேயிலை மலையான டார்ஜிலிங்கில், 2011இன் இறுதியில் மெதேன், நைதரசு ஒட்சைட்டு முதலியவற்றின் அளவீடு தொடங்கிற்று. 2017இல் வெளியான ஆய்வொன்று, வளிமண்டல அளவீடுகளைக் கொண்டு இந்தியாவின் மெதேன் வெளியேற்றத்தை ஆண்டுக்கு ஏறத்தாழ 220 இலட்சம் தொன் என மதிப்பிட்டது. அரசு அறிவித்த கணக்கோடு அது பெரிதும் ஒத்திருந்தது. எனவே அளவீடு குற்றங்காணும் கருவி மட்டுமன்று. நேர்மையான கணக்குக்குச் சான்றுமாகும்.

ஊவாவில் இம்முறை எளிதன்று. பகலில் பள்ளத்தாக்குக் காற்று மேலேறும். இரவில் மலைக்காற்று கீழிறங்கும். வயல், நகரம், தோட்டம் ஆகியவற்றின் வாயுக்கள் ஒன்றாய்க் கலக்கும். ஆதலின் உயரத்து நிலையத்தோடு, தேயிலை நிரைகளிடையே மண்மீது மூடிய கலங்களைக் கவிழ்த்து அளத்தலும் வேண்டும்.

இது வெறும் ஏட்டு விவகாரமன்று. நைதரசன் விரயத்தை 2030இற்குள் அரைவாசியாக்க 2019இன் கொழும்புப் பிரகடனம் அறைகூவிற்று. 2021 மே மாதம் இலங்கையில் இரசாயன உர இறக்குமதி வேறு காரணங்களுக்காகத் தடைசெய்யப்பட்டு, அவ்வாண்டு நவம்பரில் தடை நீக்கப்பட்டது. உரம் குன்றின் கொழுந்து குன்றும். கொழுந்து குன்றின் நிறைக்கேற்பக் கூலி பெறுவோரே முதலில் இழப்பர். எவ்வளவு உரம் பயிருக்கு, எவ்வளவு காற்றுக்கு என்பதை அம்மலையிலேயே அளந்தறிந்தால், விரயத்தை மட்டும் குறைத்து விளைச்சலைக் காக்கலாம். அளவாமல் வகுக்கும் கொள்கையின் சுமை, கொழுந்துக் கூடையைச் சுமப்போர் மீதே இறங்கும்.