மருத்துவச்சியை முந்தும் குழந்தை

தலைப்பிரசவத்தில் வலி ஒழுங்காகப் பிடித்த பிறகு குழந்தை பிறக்கச் சராசரியாக 8 மணி நேரம் ஆகும். அடுத்தடுத்த பிரசவங்களில் 5 மணி நேரம். இங்கிலாந்தில் கர்ப்பிணிகளுக்குச் சொல்லித்தரும் கணக்கு இது. சில பெண்களிடம் இந்தக் கணக்கு செல்லுபடியாவதே இல்லை. இடுப்பு லேசாக வலிக்கிறதே என்று எழுந்து, கணவரை எழுப்பி, பையைத் தேடி எடுப்பதற்குள் முக்கல் வந்துவிடுகிறது. வலி தொடங்கி 3 மணி நேரத்துக்குள் குழந்தை பிறந்துவிட்டால் அதைத் துரிதப் பிரசவம் என்பார்கள். நூறு பிரசவங்களில் இரண்டு மூன்று இந்த வகை. ஒருமுறை இப்படிப் பெற்றவருக்கு அடுத்த முறையும் அப்படியே நடக்க வாய்ப்பு அதிகம்.

“கொடுத்துவைத்தவள், கஷ்டப்படாமல் பெற்றுவிட்டாள்” என்பது ஊர்ப்பேச்சு. பெற்றவரைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வார். எட்டு மணி நேர வேலையை ஒரு மணி நேரத்தில் முடிக்கிற உடம்புக்கு இரண்டு வலிகளுக்கு நடுவே மூச்சு வாங்கக்கூட இடைவெளி கிடைப்பதில்லை. அந்த வேகம் எங்கிருந்து வருகிறது?

கர்ப்பத்துக்கு முன் கருப்பையின் எடை சுமார் 60, 70 கிராம். பத்தாம் மாதத்தில் அது ஒரு கிலோவைத் தாண்டும். பெரும்பாலும் தசை. இவ்வளவு தசையை வைத்துக்கொண்டு கருப்பை மாதக்கணக்கில் சும்மா இருப்பதுதான் முதல் அதிசயம். அதன் தசைச் செல்கள் அவ்வப்போது சுருங்கத்தான் செய்கின்றன, ஆனால் ஒன்று சுருங்குவது மற்றதற்குத் தெரியாது. தேர் வடத்தை ஆளாளுக்கு ஒரு நேரத்தில் இழுத்தால் தேர் அசையாது அல்லவா, அதுபோலத்தான். பிரசவம் நெருங்கும்போது பக்கத்துப் பக்கத்துச் செல்களுக்கு நடுவே நுண்ணிய துளைகள் ஆயிரக்கணக்கில் முளைக்கின்றன. கனெக்சின் 43 என்ற புரதத்தால் ஆன இந்தத் துளைகளின் வழியே மின்துடிப்பு ஒரு செல்லிலிருந்து அடுத்ததற்குத் தாவுகிறது. அதுவரை உதிரியாகக் கிடந்த கோடிக்கணக்கான செல்கள் இப்போது ஒரே மூச்சில் இழுக்கின்றன.

இழுக்கச் சொல்லும் குரல் மூளையிலிருந்து வருகிறது. 1906இல் ஹென்றி டேல், மூளையின் அடியில் தொங்கும் பிட்யூட்டரி சுரப்பியின் சாறு பூனையின் கருப்பையைச் சுருக்குவதைக் கண்டார். அந்தச் சாற்றில் இருந்த பொருள் ஆக்சிடோசின். வெறும் 9 அமினோ அமிலங்கள் கொண்ட சின்ன மூலக்கூறு. 1953இல் வின்சென்ட் டு விக்னோ அதை ஆய்வகத்தில் செய்து காட்டினார், இரண்டு ஆண்டில் நோபல் பரிசு பெற்றார். குழந்தையின் தலை கருப்பை வாயை அழுத்துகிறது. அந்த அழுத்தம் நரம்பு வழியே மூளைக்குப் போகிறது. மூளை ஆக்சிடோசினை அனுப்புகிறது. கருப்பை இன்னும் பலமாகச் சுருங்குகிறது. தலை இன்னும் அழுத்துகிறது. முயல்களிடம் இந்த வளையத்தை 1941இல் விவரித்த ஃபெர்குசனின் பெயரையே இதற்கு வைத்திருக்கிறார்கள். நம் உடம்பில் பெரும்பாலான ஏற்பாடுகள் எதையும் அளவுக்குள் வைப்பதற்கானவை: சர்க்கரை ஏறினால் இறக்கும், சூடு ஏறினால் வியர்க்கும். இந்த வளையம் நேர்மாறு. ஏற ஏற இன்னும் ஏற்றும். குழந்தை வெளியே வந்தால்தான் நிற்கும்.

இதற்குத் தடை போடுவது கருப்பை வாய். மாதக்கணக்கில் இறுக மூடியிருந்த கதவு, 10 சென்டிமீட்டர் திறக்க வேண்டும். “எத்தனை விரல் திறந்திருக்கு?” என்று பிரசவ வார்டில் கேட்பது இதைத்தான். 1950களில் நியூயார்க்கில் இமானுவேல் ஃபிரீட்மன் என்ற மருத்துவர் இந்தத் திறப்பை மணிக்கு மணி அளந்து வரைபடம் போட்டார். தலைப்பிரசவத்தில் வேகம் பிடித்தபின் மணிக்கு 1.2 சென்டிமீட்டராவது திறக்கும் என்றார். ஏற்கெனவே பெற்றவர்களில் சிலருக்கு அது மணிக்கு 10 சென்டிமீட்டரைத் தாண்டுவதையும் அவர் குறித்துவைத்தார். கதவு முழுவதும் திறக்க ஒரு மணி நேரம்கூட ஆகாது என்று பொருள்.

காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கும். ஒன்று, சுருக்கம் அளவுக்கு மீறிப் பலமாக இருப்பது. இரண்டு, முன்பே ஒருமுறை விரிந்து பழகிய கருப்பை வாயும் பிறப்புப் பாதையும் தடையே காட்டாமல் வழிவிடுவது. மூன்றாவதுதான் விசித்திரம்: பிரசவம் எப்போதோ தொடங்கியிருக்கும், பெண்ணுக்குத்தான் வலி தெரிந்திருக்காது. சமைத்துக்கொண்டும் துணி மடித்துக்கொண்டும் இருக்கும்போதே பாதி திறந்திருக்கும். அவருக்கு ‘முதல் வலி’ என்று தெரிவது உண்மையில் கடைசிக் கட்டம்.

அதுவும் எந்த நேரத்தில்? இங்கிலாந்தில் 2005 முதல் 2014 வரை நடந்த 50 லட்சத்துக்கும் மேற்பட்ட பிறப்புகளை ஆராய்ந்தபோது, தானாக வலி வந்து தானாகப் பிறந்த குழந்தைகள் பின்னிரவிலும் விடியலுக்கு முன்பும்தான் அதிகம் என்று தெரிந்தது. உச்சம், அதிகாலை 4 மணியை ஒட்டி. இருட்டில் சுரக்கும் மெலடோனின், கருப்பைத் தசையில் ஆக்சிடோசினோடு கைகோத்து வேலை செய்வதாக ஆய்வகச் சோதனைகள் காட்டுகின்றன. ஆக, ஊரே தூங்கும் நேரத்தில், ஒரு மணி நேரத்தில் முடியப்போகிற பிரசவம். ஆஸ்பத்திரி நாற்பது நிமிடத் தொலைவில். இவருக்கு முன்னால் இருக்கும் கேள்வி வீடா ஆஸ்பத்திரியா என்பதல்ல, வீடா கார் சீட்டா என்பதே.

பிரிட்டனில் இப்படிப்பட்ட பெண் வீட்டுப் பிரசவத்தைத் திட்டமிட்டுக் கேட்கலாம். அரசு மருத்துவச் சேவையே ஆளனுப்பும். அங்கே மருத்துவச்சி என்பவர் பட்டம் படித்துப் பதிவு பெற்றவர். வழக்கமாக இருவர் வருவார்கள். ஆக்சிடோசின் ஊசி, குழந்தைக்கு மூச்சு ஊட்டும் பையும் முகமூடியும், நைட்ரஸ் ஆக்சைடும் ஆக்சிஜனும் சரிபாதி கலந்த வலிநிவாரண வாயு எல்லாம் அவர்களோடு வரும். (துரிதப் பிரசவத்தில் அந்த வாயுவைத் திறக்கக்கூட நேரம் இருக்காது.) 2011இல் வெளியான இங்கிலாந்து ஆய்வு ஒன்று, சிக்கல் எதுவும் எதிர்பார்க்கப்படாத 64,000க்கும் அதிகமான பிரசவங்களைப் பின்தொடர்ந்தது. ஏற்கெனவே பெற்றவர்கள் வீட்டில் பெறத் திட்டமிட்டபோது, குழந்தைக்கு நேரும் கடும் பாதிப்புகளில் மருத்துவமனையோடு ஒப்பிட்டால் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. தலைப்பிரசவத்தில் நிலைமை வேறு: மருத்துவமனையில் ஆயிரத்துக்கு 5.3 என்றால், வீட்டில் 9.3. இன்னொரு எண்ணையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஏற்கெனவே பெற்றவர்களிலும் 12 சதவீதம் பேர், வீட்டில் தொடங்கி மருத்துவமனைக்கு மாற்றப்பட்டார்கள். முன்பு கடுமையாக ரத்தம் போனவர், சிசேரியன் ஆனவர், ரத்த அழுத்தம் ஏறியவர், இரட்டைக் குழந்தை சுமப்பவர் போன்றவர்களுக்கு அங்கும் மருத்துவமனையைத்தான் பரிந்துரைப்பார்கள்.

நெதர்லாந்தில் வீட்டுப் பிரசவம் ஒரு பழைய வழக்கம். பிரசவப் பொருட்கள் அடங்கிய பெட்டியைக் காப்பீட்டு நிறுவனமே முன்கூட்டி அனுப்பிவைக்கும். கட்டிலின் கால்களுக்கு அடியில் கட்டைகள் வைத்து 70, 80 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தூக்கச் சொல்வார்கள். குனிந்து குனிந்து வேலை செய்யும் மருத்துவச்சியின் முதுகைக் காக்கும் ஏற்பாடு அது! இவ்வளவு யோசித்த ஊர்கள், மருத்துவச்சி வந்து சேராத நிலைமையையும் யோசிக்காமல் இருக்குமா?

துரிதப் பிரசவத்துக்கான வீட்டுத் திட்டத்தின் மூளை அந்த யோசனையில்தான் இருக்கிறது. திட்டம் இரண்டு அடுக்கு. மேலடுக்கு தொலைபேசி: “வலி ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வரட்டும், பிறகு கூப்பிடுங்கள்” என்ற பொது அறிவுரை இவருக்குக் கிடையாது. முதல் சந்தேகத்திலேயே கூப்பிட வேண்டும். பொய் வலி என்றால் மருத்துவச்சி தேநீர் குடித்துவிட்டுத் திரும்பட்டும். கீழடுக்கு, அவர் வருமுன் குழந்தை வந்துவிட்டால் வீட்டிலிருப்பவர் செய்ய வேண்டியவை. அவற்றில் பாதி, எதையும் செய்யாமல் இருப்பதுதான். முதலில் அவசர ஆம்புலன்ஸைக் கூப்பிட்டு, தொலைபேசியை ஒலிபெருக்கியில் போட்டுத் தரையில் வைப்பது. மலம் வருவதுபோல் தோன்றினால் கழிவறைக்குப் போகாமல் இருப்பது, ஏனென்றால் அந்த உணர்வைத் தருவது பெரும்பாலும் குழந்தையின் தலை. நிற்காமல் ஒருக்களித்துப் படுப்பது, அல்லது கையும் முழங்காலும் ஊன்றுவது. வேகம் சற்று மட்டுப்படும், குழந்தை விழவும் விழாது. கால்களைச் சேர்த்து அடக்கக் கூடாது. தலையைப் பிடித்து இழுக்கக் கூடாது. தொப்புள்கொடியை வெட்டக் கூடாது.

பிறந்த குழந்தை நனைந்திருக்கிறது. ஈரம் ஆவியாகும்போது சூட்டையும் கொண்டுபோகும். துடைக்காமல் விட்டால் உடம்பின் உள்வெப்பம் நிமிடத்துக்கு 0.1 டிகிரி வரை இறங்கலாம், பத்து நிமிடத்தில் ஒரு முழு டிகிரி. அதனால் உலர்ந்த துண்டுகள் பல வேண்டும், அறை கதகதப்பாக இருக்க வேண்டும். துடைத்ததும் தாயின் வெற்று மார்பில் படுக்கவைத்து இருவரையும் சேர்த்துப் போர்த்த வேண்டும். தாயின் தோலைவிட நல்ல வெப்பக் கருவி வீட்டில் கிடையாது. துடைப்பதே குழந்தையை எழுப்பும் மருந்துமாகிறது. குறைமாதமில்லாத குழந்தைகளில் நூற்றுக்கு 85, பிறந்த 10 முதல் 30 நொடிக்குள் தாமாக மூச்சு விடும். இன்னும் 10 குழந்தைகள் துடைத்துத் தேய்த்தாலே மூச்சு விடும். மீதியுள்ளவர்களுக்குத்தான் பையும் முகமூடியும், அதைப் பயன்படுத்தத் தெரிந்த கையும் உடனே வேண்டும். வெட்டாமல் விட்ட கொடி அதற்குள் நஞ்சிலிருக்கும் குழந்தையின் ரத்தத்தை அதற்கே திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கும்.

தாய்க்கான ஆபத்து இதற்குப் பிறகு வருகிறது, சத்தமில்லாமல். முழுமாதத்தில் கருப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கு மேல் ரத்தம் பாய்கிறது. நஞ்சு பிரிந்ததும் அந்தக் குழாய்களின் வாய்கள் திறந்து கிடக்கும். அவற்றை மூடுவது யார்? குறுக்கும் நெடுக்குமாக ஓடும் அதே தசை இழைகள்தான்; சுருங்கும்போது நடுவிலிருக்கும் குழாய்களை முறுக்கி நெரித்துவிடுகின்றன. குழந்தையைத் தள்ளிய தசையே காயத்துக்குக் கட்டும் போடுகிறது. துரிதமாக வேலை செய்த கருப்பை சில சமயம் அப்படியே துவண்டுவிடும், கட்டு விழாது. அவசரத்தில் திசுக்கள் கிழிந்தும் ரத்தம் போகலாம். ஆக்சிடோசின் ஊசி இந்த நேரத்துக்குத்தான். அதை 2 முதல் 8 டிகிரி குளிரில் பாதுகாக்க வேண்டும். மருத்துவச்சி எவ்வளவு தாமதமாக வந்தாலும் வந்தே ஆக வேண்டும் என்பதற்கு இந்த ஊசி ஒன்றே போதுமான காரணம்.

ஊசியும், இரண்டு மருத்துவச்சிகளும், ஆம்புலன்ஸும், தகவல் தெரிந்த மருத்துவமனையும் பின்னால் நிற்பதால்தான் அது திட்டம். அவை இல்லாமல் காணொளி பார்த்து வீட்டில் பெறுவதற்கு நான் வேறு பெயர் சொல்வேன். தமிழ்நாட்டுப் பொது சுகாதார அமைப்பில் இப்படி ஒரு வீட்டுப் பிரசவ ஏற்பாடு கிடையாது. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இங்கே 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடக்கின்றன. நாம் தூரத்தை வேறு வழியில் குறைத்திருக்கிறோம். மலைக்கிராமத்துக் கர்ப்பிணிகள் நாள் நெருங்கும்போதே வந்து தங்க, ஆரம்ப சுகாதார நிலையங்களில் பிரசவக் காத்திருப்பு அறைகள் உண்டு. 2008இல் தொடங்கிய 108 வண்டியின் ஊழியர்கள் போகும் வழியிலேயே பிரசவம் பார்க்கப் பயிற்சி பெற்றவர்கள்.

முந்தைய பிரசவம் மூன்று மணி நேரத்துக்குள் முடிந்தவர், அடுத்த கர்ப்பத்தில் முதல் பரிசோதனைக்குப் போகும்போதே அதை மருத்துவரிடமோ கிராம சுகாதாரச் செவிலியரிடமோ மறக்காமல் சொல்லுங்கள். அவர்கள் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். வீட்டிலிருந்து மருத்துவமனைக்கு நள்ளிரவில் எத்தனை நிமிடம் ஆகும் என்பதையும் சேர்த்துச் சொல்லி, எத்தனையாவது வாரத்தில் அருகில் வந்து தங்க வேண்டும் என்று கேட்டு அட்டையிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.