மரத்தடியில் பலகைக் காளான் – கண்டால் அறிவியுங்கள்

நமது தோட்டங்களில் லயத்துக்குப் பக்கத்திலும், பீலிக்கரையிலும், பிள்ளை மடுவத்துக்குப் பின்னாலும் பெரிய மரங்கள் நிற்கின்றன. வாகை போன்ற மரங்களின் அடியில், பலகைத் துண்டைச் செருகி வைத்தது போல ஒரு காளான் நீட்டிக்கொண்டிருப்பதைச் சிலர் பார்த்திருப்பீர்கள். மேற்பக்கம் பழுப்பு, கீழ்ப்பக்கம் வெள்ளை. வெள்ளையில் நகத்தால் கீறினால் பழுப்புக் கோடு விழும். இது கனோடெர்மா என்ற இனத்தைச் சேர்ந்தது. மழைக்கு முளைத்து மறுநாள் அழுகும் காளான் அல்ல. கட்டை போல இறுகி, வருஷக்கணக்கில் அதே இடத்தில் இருக்கும்.

"மரம் பச்சைப்பசேலென்று தானே நிக்குது, என்ன பயம்?" என்று கேட்பீர்கள். பயமே அதில்தான் இருக்கிறது. வெளியில் தெரிவது காளானின் காய் மாதிரி. அதன் உடம்பு நூல் நூலாக மரத்துக்குள் ஓடி, நடுக்கட்டையைத் தின்கிறது. இலைக்குத் தண்ணீர் போவதோ பட்டையை அடுத்த வெளிக்கட்டை வழியாக. ஆகவே நடுக்கட்டை பஞ்சு போல ஆன பின்னும் இலை வாடாது. காளான் வெளியே வரும்போது உள்ளே அழுகல் வெகு தூரம் போயிருக்கும். அப்படிப்பட்ட மரம் எல்லாம் நாளைக்கே விழும் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் பெருங்காற்றில் அடியோடு முறியக்கூடியது அதுதான்.

காளானின் வித்து தூளாகக் காற்றில் பறந்து, மரத்தின் காயத்தில் ஒட்டி உள்ளே போகிறது. விறகுக்குக் கிளை வெட்டிய இடம், கத்தி பட்ட வேர், குப்பை கொளுத்திச் சூடுபட்ட அடிமரம் ஆகியவை அதற்குத் திறந்த கதவுகள்.

நாம் செய்ய வேண்டியவை:

1. காளானைத் தட்டிப் போடாதீர்கள். நோய் போகாது; அடையாளம்தான் போகும்.

2. கத்தியின் பின்பக்கத்தால் மரத்தைத் தட்டிப் பாருங்கள். 'டொக் டொக்' என்று வெறுமையாகக் கேட்டால் உள்ளே பொந்து இருக்கலாம்.

3. எந்த மரம், எந்த லயத்துக்குப் பக்கம் என்று எழுதித் தோட்டக் கந்தோரில் கொடுங்கள். நகல் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். கிராம உத்தியோகத்தருக்கும் தெரிவியுங்கள்.

4. நாமே வெட்டப் போகக்கூடாது. உளுத்த மரம் எந்தப் பக்கம் சாயும் என்று சொல்ல முடியாது.

5. காற்று நேரத்தில் அந்த மரத்தடியில் பிள்ளைகளை விடாதீர்கள். மரம் விழுந்து ஆபத்து என்றால் 117க்கு அழையுங்கள்.

தென்மேற்குப் பருவக்காற்று மே மாதத்தில் தொடங்குகிறது. அதற்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை லயத்தைச் சுற்றி நடந்து, ஒவ்வொரு மரத்தின் அடியையும் பார்த்துவிடுவோம்.