இரண்டு கழகமும் ஒன்றுதானா? புத்தூர் நால்ரோட்டில் சூடான வாதம்!

திருச்சி:-
"எவன் வந்தா என்னங்க? எல்லாம் ஒரே குட்டையில ஊறின மட்டைதானே!"

புத்தூர் நால்ரோடு டீக்கடைகளில் தேர்தல் வந்தாலும் போனாலும் அடிபடும் பேச்சு இது. பேச்சில் நியாயம் இல்லாமலும் இல்லை.

மதுக்கடை விவகாரத்தையே பாருங்கள். 1971-ல் மதுவிலக்கைத் தளர்த்தியவர் கருணாநிதி. 1974-ல் மறுபடி கடையை மூடியவரும் அவரே. 1981-ல் திறந்தார் எம்.ஜி.ஆர். 1983-ல் டாஸ்மாக் பிறந்தது. 2003-ல் சில்லறை வியாபாரத்தையும் அதன் கையில் கொடுத்தார் ஜெயலலிதா. 2006-ல் ஆட்சி மாறியது, கடை மாறவில்லை!

மூடுவதிலும் ஒரே கணக்குதான். 2016-ல் ஜெயலலிதா 500 கடை. 2017-ல் எடப்பாடி பழனிசாமி 500. 2023-ல் மு.க.ஸ்டாலின் ஆட்சியில் அதே 500. பேசி வைத்தாற்போல!

முட்டை போட்டது யார்?

அதற்காக ஓட்டே போடாமல் வீட்டில் குந்திக்கொள்ள முடியுமா? இங்கேதான் வாதம் சூடு பிடிக்கிறது.

திருச்சியை அடுத்த பாப்பாக்குறிச்சியில் 1982 ஜூலை 1-ந் தேதி சத்துணவைத் தொடங்கி வைத்தார் எம்.ஜி.ஆர். 1989-ல் ஆட்சிக்கு வந்த கருணாநிதி அதை நிறுத்தினாரா? முட்டை சேர்த்தார்! 2022-ல் காலைச் சிற்றுண்டியும் வந்தது. போட்டிக்கு ஆள் இல்லாவிட்டால் பிள்ளைகள் தட்டில் முட்டை விழுந்திருக்குமா என்பது எதிர்த்தரப்பின் மடக்கல்.

"சரிங்கண்ணே, புள்ளைக்கு முட்டை, அப்பனுக்கு பாட்டில். ரெண்டையும் ரெண்டு பேருமே குடுத்தாங்களே?"

பதில் வருவதற்குள் சத்திரம் பஸ் வந்துவிட்டது.