பாப்வா செவ்கோலம்

சியூசங்கர் செவ்கோலம் (1928 – 1978) தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்த தொழில்முறைக் குழிப்பந்தாட்ட (கோல்ஃப்) வீரர் ஆவார். "பாப்வா" என்ற செல்லப்பெயராலேயே பரவலாக அறியப்பட்டார். டச்சு ஓபன் போட்டியை 1959, 1960, 1964 ஆகிய ஆண்டுகளில் மூன்று முறை வென்றார். தென்னாப்பிரிக்காவின் இனவொதுக்கல் கொள்கையால் இவரது விளையாட்டு வாழ்க்கை இடையிலேயே முடக்கப்பட்டது.

இளமை

டர்பன் நகரில் ஏழ்மையான இந்திய வம்சாவளிக் குடும்பத்தில் பிறந்தார். சியூசங்கர் என்பது சிவசங்கர் என்ற பெயரின் வட இந்தியப் பேச்சுவழக்குத் திரிபு. 1860 முதல் நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு இந்தியர்கள் ஒப்பந்தத் தொழிலாளர்களாகக் கொண்டுவரப்பட்டதால் உருவான சமூகம் இவருடையது. முறையான கல்வி பெறவில்லை. எழுதப் படிக்கத் தெரியாது. பீச்வுட் குழிப்பந்தாட்டக் கழகத்தில் ஆட்டக்காரர்களின் மட்டைப் பையைச் சுமக்கும் "கேடி" வேலை பார்த்தார். வெள்ளையர் ஆடுவதைப் பார்த்துத் தானாகவே ஆட்டத்தைக் கற்றுக்கொண்டார்.

தலைகீழ்ப் பிடி

வலக்கை ஆட்டக்காரர்கள் மட்டையின் கைப்பிடியில் இடக்கையை மேலேயும் வலக்கையைக் கீழேயும் வைப்பது வழக்கம். செவ்கோலம் இதற்கு நேர்மாறாக, வலக்கையை மேலே வைத்து இடக்கையைக் கீழே வைத்தார். பயிற்சியாளர் யாரேனும் இருந்திருந்தால் முதல் நாளே திருத்தியிருப்பார். இக்காலத்தில் ஜோர்டன் ஸ்பீத் போன்றோர் குழிக்கு அருகில் பந்தை உருட்டும்போது மட்டும் இத்தகைய பிடியைக் கையாள்கின்றனர். செவ்கோலமோ நெடுந்தொலைவு அடிகளையும் இப்பிடியிலேயே அடித்தார்.

ஐரோப்பிய வெற்றிகள்

இவரது திறமையைக் கண்டு உதவியவர் ஓலே முகப்பூச்சை உருவாக்கிய கிரேம் வுல்ஃப். உள்நாட்டில் வெள்ளையர் போட்டிகளில் ஆட வாய்ப்பில்லாத செவ்கோலத்தை 1959-இல் ஐரோப்பாவுக்கு அழைத்துச் சென்றார். அவ்வாண்டே டச்சு ஓபன் பட்டம் கிடைத்தது. மறு ஆண்டு அதைத் தக்கவைத்துக்கொண்டார்.

1963 நேட்டால் ஓபன்

நீண்ட இழுபறிக்குப் பின், டர்பன் கன்ட்ரி கிளப்பில் நடந்த 1963 நேட்டால் ஓபனில் ஆட இவருக்கு அனுமதி கிடைத்தது. வெள்ளை வீரர்களை வென்று பட்டம் பெற்றார். ஆனால் கழகக் கட்டடத்திற்குள் இந்தியர் நுழையக் கூடாது என்பதால், கொட்டும் மழையில் வெளியே நின்றே கோப்பையைப் பெற்றுக்கொண்டார். தோற்றவர்கள் உள்ளே நனையாமல் இருந்தனர். கோப்பை சன்னல் வழியே நீட்டப்பட்டதாகவும் ஒரு கதை உண்டு. மழையில் நின்ற செய்தியே போதுமானது. அந்த ஒளிப்படம் உலக நாளிதழ்களில் வெளியாகி, தென்னாப்பிரிக்காவுக்கு எதிரான விளையாட்டுப் புறக்கணிப்பு இயக்கத்திற்கு வலுச் சேர்த்தது.

தடையும் இறுதிக்காலமும்

1965-இல் மீண்டும் நேட்டால் ஓபனை வென்றார். இம்முறை இவர் தோற்கடித்தவர்களில் கேரி பிளேயரும் ஒருவர். அதே ஆண்டில் அமெரிக்க ஓபனையும் வென்று, நான்கு பெரும் போட்டிகளையும் கைப்பற்றிய மூன்றாவது வீரர் என்ற பெருமையை அடைந்தவர் பிளேயர். அப்படிப்பட்டவரை எழுதப் படிக்கத் தெரியாத ஒரு முன்னாள் கேடி வென்றதை அரசால் பொறுக்க முடியவில்லை. உள்நாட்டுப் போட்டிகளில் ஆடவும், பார்வையாளராகச் செல்லவும்கூட செவ்கோலத்துக்குத் தடை விதிக்கப்பட்டது. கடவுச்சீட்டும் பறிக்கப்பட்டதால் ஐரோப்பாவுக்கும் செல்ல இயலவில்லை. ஆட்டம் ஒன்றையே பிழைப்பாகக் கொண்டிருந்த இவர் மீண்டும் வறுமைக்குத் திரும்பினார். 1978-இல் ஐம்பது வயது நிறையும் முன்பே காலமானார்.

இனவொதுக்கல் ஆட்சி முடிவுற்ற பின் இவருக்கு இக்காமங்கா விருது வழங்கப்பட்டது. டர்பனின் ரெசர்வாயர் ஹில்ஸ் பகுதியிலுள்ள நகராட்சிக் குழிப்பந்தாட்டத் திடல் இவர் பெயரைத் தாங்கியுள்ளது.