அரை மாரத்தானுக்கு ஓர் ஒர்க்‌ஷீட்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களில் பலர், எக்ஸெல் என்றாலே அது அலுவலகக் கணக்கிற்கானது என்று ஒதுக்கிவிடுகிறார்கள். சாப்ட்வேர் துறையில் இருக்கும் நானே வீட்டில் அதை உருப்படியாகப் பயன்படுத்தத் தொடங்கியது, அரை மாரத்தான் ஓட முடிவெடுத்த பிறகுதான். அந்த ஒர்க்‌ஷீட்டை எப்படி அமைப்பது என்று இங்கு பார்க்கலாம். நீங்கள் ஓடாவிட்டாலும் பரவாயில்லை. இதில் வரும் நேரக் கணக்கு வேறு பல வேலைகளுக்கும் உதவும்.

முழு மாரத்தானின் தூரம் 42.195 கி.மீ. 1908ல் லண்டன் ஒலிம்பிக்கில் ஓடப்பட்ட இந்தத் தூரம், 1921ல் நிலையான அளவாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. அதில் சரிபாதி, அதாவது 21.0975 கி.மீ., அரை மாரத்தான். சென்னையில் ஜனவரி மாதம் ஓடுவது என்று முடிவு செய்து, ஜூலையில் பயிற்சியைத் தொடங்கினேன். செவ்வாய், வியாழன் அதிகாலையில் வீட்டைச் சுற்றி குறைந்த தூரம். ஞாயிறு காலை பெசன்ட் நகர் கடற்கரைச் சாலையில் நீண்ட தூரம்.

ஆகஸ்ட்டில் இரண்டு வயது மகளுக்குக் காய்ச்சல். அலுவலகத்திலும் வேலை அதிகம். இரண்டு வாரம் ஓடவில்லை. விட்டதைப் பிடிக்க வேண்டும் என்ற வேகத்தில், அதுவரை அதிகபட்சம் 7 கி.மீ. ஓடியிருந்த நான், அடுத்த ஞாயிறு 13 கி.மீ. ஓடினேன். திங்கள் காலை மாடிப்படி இறங்க முடியவில்லை. முழங்காலுக்குக் கீழே முன் எலும்பில் வலி. இரண்டு வாரம் ஓடக் கூடாது என்றார் டாக்டர். அந்த இரண்டு வாரத்தில் தயாரானதுதான் இந்த ஒர்க்‌ஷீட்.

தலைப்புகள்

எக்ஸெல்லைத் திறந்து, முதல் வரியில் ஏ1 முதல் ஜி1 வரை இந்த ஏழு தலைப்புகளை டைப் செய்திடுங்கள்: தேதி, கி.மீ., ஓடிய நேரம், ஒரு கி.மீ.க்கு ஆன நேரம், வீட்டில் இல்லாத நேரம், மனைவியின் நேரம், அடுத்த வார வரம்பு. தேதியை ஒவ்வொரு முறையும் டைப் செய்ய வேண்டாம். கண்ட்ரோல் கீயை அழுத்திக்கொண்டு செமிகோலன் கீயைத் தட்டினால், அன்றைய தேதி தானாகவே செல்லில் அமையும்.

வாரத்திற்கு மூன்று ஓட்டம் என்பதால் 2, 3, 4 ஆகிய வரிகள் முதல் வாரத்திற்கு. 5வது வரி அந்த வாரத்தின் மொத்தம். 6வது வரியைக் காலியாக விட்டுவிட்டு, 7வது வரியில் அடுத்த வாரத்தைத் தொடங்கவும்.

நேரத்தை டைப் செய்வது எப்படி?

இங்குதான் புதியவர்கள் தடுமாறுவார்கள். 45 நிமிடம் 30 விநாடி ஓடியதை 45:30 என்று டைப் செய்தால், எக்ஸெல் அதை 45 மணி 30 நிமிடம் என்று எடுத்துக்கொள்ளும். எனவே மணியையும் சேர்த்து 0:45:30 என்றே டைப் செய்ய வேண்டும்.

எக்ஸெல் ஒரு முழு நாளை 1 என்ற எண்ணாக வைத்துக்கொள்கிறது. 12 மணி நேரம் என்பது அதற்கு 0.5. ஒன்றரை மணி நேரம் என்பது 0.0625. நேரம் இருக்க வேண்டிய செல்லில் திடீரென்று 0.0052 என்பது போல ஓர் எண் வந்தால் பதற வேண்டாம். எண் சரிதான், அதை நேரமாகக் காட்டும்படி நாம் சொல்லவில்லை, அவ்வளவே.

சி, டி, இ, எஃப் ஆகிய நான்கு நெட்டு வரிசைகளையும் தேர்ந்தெடுத்து, கண்ட்ரோல் கீயுடன் 1ஐ அழுத்தவும். கிடைக்கும் டயலாக் பாக்ஸில் நம்பர் டேபில் டைம் என்பதைத் தேர்ந்தெடுங்கள். வலது பக்கப் பட்டியலில் 37:30:55 என்று ஒரு வடிவம் இருக்கும். அதைக் கிளிக் செய்து ஓகே தட்டவும். லிப்ரே ஆபீஸ் தொகுப்பின் கால்க் புரோகிராம் வைத்திருப்பவர்கள், அங்கு 876613:37:46 என்று இருப்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஏன் இந்த வடிவம்? சாதாரண நேர வடிவம் 24 மணி தாண்டியதும் மறுபடியும் பூஜ்யத்திலிருந்து தொடங்கிவிடும். நவம்பர் நடுவில் நான் ஓடிய நேரத்தையெல்லாம் வேறொரு ஷீட்டில் கூட்டிப் பார்த்தபோது, 26 மணி நேரம் ஓடியவனுக்கு 2:00:00 என்று காட்டியது!

மூன்று ஃபார்முலாக்கள்

முதலாவது, ஒரு கி.மீ.க்கு ஆன நேரம். டி2 செல்லில் சமக்குறி டைப் செய்து, சி2 செல்லில் மவுஸால் கிளிக் செய்து, வகுத்தலுக்கான சாய்கோட்டைத் தட்டி, பி2 செல்லில் கிளிக் செய்து என்டர் தட்டவும். 12 கி.மீ. தூரத்தை 1:30:00 நேரத்தில் ஓடியிருந்தால் 0:07:30 என்று விடை வரும். பிறகு டி2 செல்லின் வலது கீழ் மூலையில் உள்ள சிறிய கட்டத்தைப் பிடித்து டி5 வரை இழுத்துவிடுங்கள். டி5ல் வருவது வாரத்தின் சராசரி.

இரண்டாவது, வார மொத்தம். பி5 செல்லில் கிளிக் செய்து ஆட்டோசம் பட்டனை அழுத்தவும். பி2 முதல் பி4 வரை கோடு சூழ்ந்திருக்கிறதா என்று பார்த்து என்டர் தட்டுங்கள். சி5, இ5, எஃப்5 செல்களிலும் இப்படியே செய்திடவும்.

மூன்றாவது, என் காலைக் காப்பாற்றிய ஃபார்முலா. ஜி5 செல்லில் சமக்குறி இட்டு, பி5 செல்லில் கிளிக் செய்து, பெருக்கலுக்கான நட்சத்திரக் குறி போட்டு, 1.1 என டைப் செய்து என்டர் தட்டவும். இந்த வாரம் மொத்தம் 16 கி.மீ. என்றால் 17.6 என்று காட்டும். அடுத்த வாரம் அதற்கு மேல் ஓடக் கூடாது. வாரத்திற்குப் பத்து சதவீதத்திற்கு மேல் கூட்டாதே என்பது ஓட்டக்காரர்களிடையே உள்ள பொதுவான வழிமுறை. இது மருத்துவ விதி அல்ல. ஆனால் 7லிருந்து 13க்குத் தாவும் ஆசையைத் தடுக்கும். நவம்பர் மழையில் ஒரு வாரம் போனபோது, விட்டதைச் சேர்த்து ஓடாமல், அதற்கு முந்தைய வாரத்தின் தூரத்தையே மீண்டும் ஓடினேன்.

இ, எஃப் வரிசைகள்

இந்த இரண்டையும் முதலில் விளையாட்டாகத்தான் சேர்த்தேன். அக்டோபர் முதல் வாரம் இ வரிசையின் மொத்தம் 5:30:00. ஞாயிறு ஓட்டம் ஒன்றேகால் மணி நேரம்தான். ஆனால் கடற்கரைக்குப் போய், நண்பர்களுடன் காபி குடித்துத் திரும்புவதற்குள் மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. அவ்வளவு நேரமும் மகளைத் தனியாகப் பார்த்துக்கொண்டது மனைவி. எஃப் வரிசையில், அவருக்கென்று கிடைத்த நேரம் 0:00:00.

மானிட்டரைப் பார்த்த மனைவி சொன்னது: "இதைத்தாங்க நான் ரெண்டு மாசமா சொல்லிட்டிருக்கேன். எக்ஸெல் சொன்னாத்தான் கேப்பீங்க போல."

அந்த வாரமே காபியை நிறுத்தினேன். சனிக்கிழமை மதியம் மூன்று முதல் ஆறு மணி வரையிலும், புதன் காலை ஒன்றரை மணி நேரமும் மகள் என் பொறுப்பு என்று பேசி முடித்தோம். முதல் சனிக்கிழமை அந்த மூன்று மணி நேரத்தில் மனைவி செய்தது, நிம்மதியாகத் தூங்கியதுதான். அதன் பிறகு எஃப் வரிசையை அவரே நிரப்பினார்.

இன்று ஓட்டத்தைக் கணக்கிட மொபைல் போனிலும் கைக்கடிகாரத்திலும் வசதிகள் உள்ளன. தூரமும் வேகமும் அவற்றில் துல்லியமாகக் கிடைக்கும். ஆனால், நீங்கள் ஓடியபோது வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொண்டது யார் என்ற தலைப்பை நாம்தான் டைப் செய்ய வேண்டியிருக்கிறது.

ஓட்ட நாளுக்கு முன் ஒரு காலி செல்லில் 0:07:30 நேரத்தை 21.0975 ஆல் பெருக்கிப் பார்த்தேன். 2:38:14 என்று வந்தது. நான் முடித்தது 2 மணி 41 நிமிடத்தில். கடைசி நான்கு கி.மீ.யில் வேகம் குறைந்துவிட்டது. ஆனால் வலியின்றி வீடு திரும்பி, மகளைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினேன்.

உங்களுக்குச் சர்க்கரை, இரத்த அழுத்தம், இதயக் கோளாறு ஏதேனும் இருந்தால், டாக்டரைக் கேட்ட பின்னரே ஓடத் தொடங்குங்கள். ஒர்க்‌ஷீட்டைத் தொடங்க யாரையும் கேட்க வேண்டாம். அவ்வப்போது கண்ட்ரோல் கீயுடன் எஸ் அழுத்தி சேவ் செய்ய மட்டும் மறக்காதீர்கள். யு.பி.எஸ். சுவிட்ச் எங்கள் வீட்டில் சரியாக இரண்டு வயதுக் குழந்தையின் கை எட்டும் உயரத்தில் இருக்கிறது!